கள்ளுக்கடையில் கிடைத்த அண்ணன்

1

ஊரில் மார்கழியில் அச்சான ஒரு மாதப் பத்திரிகை மாசியில் ஜொகூரில் எங்கள் கூலாய் படிப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் சங்கீதத்தின் சீரழிவைப் பற்றி ஒரு பெரியவர் நீளமாக எழுதியிருக்கிறார். போகிற போக்கில் எங்களுக்கும் ஒரு பாரா ஒதுக்கியிருக்கிறார். மலாய் நாட்டுக் கள்ளுக்கடைகளில் பாடுகிறவர்கள் குடிகாரர்களிடம் பல்லைக் காட்டிப் பிழைக்கிறார்களாம். யார் என்ன கத்தினாலும் அதற்குத் தாளம் போடுகிறார்களாம். பாடும் பெண்கள் குடிகாரர்களை முறை வைத்துக் கூப்பிட்டுக் குழைகிறார்களாம். இதையெல்லாம் அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அவர் கப்பல் ஏறியதில்லை என்பது மட்டும் தெரிகிறது. ஏறியிருந்தால் ஜொகூர் என்பதைச் சிங்கப்பூரின் ஒரு பேட்டை என்று எழுதியிருக்க மாட்டார்.

நான் துன்மதி வருஷம் ஆவணியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன். கூலாயில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். எங்கே என்றால், அந்தப் பெரியவர் மூக்கைப் பிடித்துக்கொண்ட அதே கள்ளுக்கடைகளில்தான். முறை வைத்துக் கூப்பிட்ட பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். ஆகவே நம் உள்ளூர்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். எனக்கு மரியாதையாக எழுதத் தெரியும். இந்தத் தடவை அதற்கு மனம் இல்லை.

2

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். கூலாயிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போகும் செம்மண் பாதை வளைகிற இடத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடை இருக்கிறது. தகரக் கூரை, பலகைச் சுவர். ஒரு ஜன்னல் வழியாகக் கள்ளை அளந்து கொடுப்பார்கள். வாங்கியவன் பெஞ்சில் உட்கார்ந்து அங்கேயே குடித்துவிட்டுப் போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்து ஆட்களையும் இழுப்பதற்காகக் கடைக் காண்டிராக்டர் ஒரு பலகை மேடை போட்டு எங்களை ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு மத்தியானம் தொடங்கி வெயில் தாழும் வரை பாட்டு. மழை வந்தால் தகரத்தின் சத்தத்தில் எங்களுக்கே எங்கள் வாசிப்பு கேட்காது. மழை இல்லாத நாட்களில் மனிதர்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஊரில் கச்சேரியில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். இங்கே போக மாட்டார்கள். கள் இன்னும் மீதி இருக்கும். ஒருவன் அழுவான். ஒருவன் மேடையில் ஏறித் தானே பாட வேண்டும் என்பான். இன்னொருவன் ஊரில் பெரிய வித்வான்களைக் கேட்டவன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் “தப்பு, தப்பு” என்று கத்துவான். தப்பு எது என்று கேட்டால் அடிக்க வருவான். இவர்களோடு சண்டை போட முடியாது. அடுத்த ஞாயிறும் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

எங்கள் டோலக்குக்காரன் அப்பாவு இதில் கைதேர்ந்தவன். கூட்டத்தில் யார் அதிகம் கத்துகிறானோ அவனைப் பார்த்து, “மச்சான், ஆள் இல்லை, இதைக் கொஞ்சம் புடி” என்று ஜால்ராவைக் கையில் கொடுத்துவிடுவான். அதன் பிறகு அவனுக்குக் கத்த நேரம் இருக்காது. தாளம் தப்பினால் கூட்டம் அவனைத் திட்டும். எங்களை விட்டுவிடும். எவனாவது மேடைக்கு முன்னால் வந்து ஆட ஆரம்பித்தால் அப்பாவு கொஞ்சம் கொஞ்சமாகத் தாள நடையைத் தளர்த்துவான். ஆடுகிறவன் தள்ளாடி, பெஞ்சைத் தேடிப் போய்விடுவான். கை மீறிப் போய்க் குவளை பறக்க ஆரம்பித்தால் கடைசி ஆயுதம் மங்களம். மங்களம் பாட ஆரம்பித்தால் எவ்வளவு குடித்தவனும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அதற்குப் பிறகு இன்னொரு பாட்டுக் கேட்பது ஆகாது என்று அவனுக்குத் தெரியும். காவல்காரன் தடிக்கு அடங்காதவன் மங்களத்துக்கு அடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் மங்களம் பாடிவிட்டால் கடை காலியாகிவிடும். காண்டிராக்டர் முகம் கறுக்கும். அதனால் அதை எடுக்க யோசிப்போம்.

இதைத்தான் பத்திரிகைப் பெரியவர் பல்லைக் காட்டுவது என்கிறார்.

3

பங்கஜம் எங்களோடு சேர்ந்தது யுவ வருஷம் வைகாசியில். அவள் வந்த நாடகக் கம்பெனி சிங்கப்பூரில் கலைந்துபோனது. முதலாளி உடுப்புகளையும் திரைகளையும் கட்டிக்கொண்டு சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டான். மற்றவர்கள் கிடைத்த வழியில் போனார்கள். இவள் ஒரு தகரப் பெட்டியோடு பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தாள். காண்டிராக்டர் கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார். நல்ல கனத்த குரல். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி பெஞ்சு வரை போகும்.

முதல் ஞாயிறே அவள் எங்களுக்குத் தெரியாத ஒரு வித்தையைக் காட்டினாள். பாட ஆரம்பிப்பதற்கு முன்பு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பின்வரிசையில் சீட்டி அடித்துக்கொண்டிருந்த முரடன் ஒருவனைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீங்க எந்த ஊரு?”

அவன் சீட்டியை நிறுத்தினான். “நானா? லால்குடி பக்கம்.”

“அட, நம்ம பக்கந்தான். அண்ணி வந்திருக்காங்களா? புள்ளைங்க?”

“ரெண்டு புள்ளைங்க. தோட்டத்துல, லயத்து வீட்டுல இருக்காங்க.”

“இந்தப் பாட்டு எங்க அண்ணனுக்காகப் பாடுறேன். யாரும் சத்தம் போட்டா அண்ணன் பாத்துக்குவாரு.”

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று முழுவதும் சத்தம் போட்டவர்களையெல்லாம் அவனே அடக்கினான். அடுத்த வாரம் வேறொருவன். இப்படியாக ஆனி முடிவதற்குள் அந்தக் கடையில் அவளுக்குக் கணிசமான அண்ணன்மார் சேர்ந்துவிட்டார்கள்.

இது குழைவு இல்லை, ஐயா. தனியாக நிற்கிற பெண்ணைப் பார்த்து எதையும் சொல்லலாம் என்று வந்தவனின் வாய்க்கு அவள் போட்ட பூட்டு. தங்கையைப் பார்த்து ஆபாசமாகக் கத்தினால் பக்கத்து பெஞ்சுக்காரன் காறித் துப்புவான். அவள் அதை நன்றாக அறிந்து வைத்திருந்தாள்.

ஒருநாள் நான் கேட்டேன், இந்த இடத்தில் எத்தனை நாள் இருக்கப் போகிறாய் என்று. அவள் சொன்னாள்:

“இந்தப் பலகைதான் சார் எனக்கு வீடு, வாசல் எல்லாம். பாடுற வரைக்கும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேணாம். இதுலேருந்து இறக்கிட்டாங்கன்னா லயத்துல எவன் வீட்டுலயாவது ஒண்டணும். அப்புறம் அவன் சொன்னதுதான் நான்.”

4

ஆடியில் கங்காணி மாரிமுத்து வந்தார். தோட்டத்து ஆட்களில் பாதிப்பேர் அவர் ஊரிலிருந்து கூட்டி வந்தவர்கள். யாருக்கு எந்த மர வரிசை, யாருக்கு எந்த லயம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். சாதாரணமாக அவர் கூலிகளோடு உட்கார்ந்து குடிக்க மாட்டார், வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவார். அன்று என்னவோ ஏற்கனவே குடித்துவிட்டு நேரே வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

“நிறுத்து அந்தப் பாட்டை” என்றார். “சாமி பாட்டுக் கேக்கவா இங்க வந்தோம்? நாடகக்காரிதானே நீ? எந்திரிச்சு நின்னு ஆடு.”

கூட்டம் சிரித்து, “ஆடு, ஆடு” என்று சீட்டி அடித்தது. கங்காணி சிரித்தால் எல்லாரும் சிரித்தாக வேண்டும். அப்பாவு ஜால்ராவை எடுத்தான். ஆனால் கங்காணியின் கையில் ஜால்ராவைக் கொடுக்க யாருக்குத் துணிச்சல்? கீழே வைத்துவிட்டான். நான் மங்களம் எடுக்கலாமா என்று சுருதியை அழுத்தினேன். பங்கஜம் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“அண்ணே, கோவமா இருக்கீங்க. நீங்க எந்த ஊரு?”

“என்னையா ஊரு கேக்கற?”

“தங்கச்சி கேக்கக் கூடாதா? உங்களுக்குக் கூடப் பொறந்தவ இருந்தா கேக்க மாட்டாளா?”

கங்காணியின் முகம் கோணியது. தன் தங்கை ஊரில் பிரசவத்தில் செத்துப்போனாள் என்றார். தான் கப்பலில் இருந்ததால் கொள்ளி வைக்கும்போது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதார். பங்கஜம் ஒரு தாலாட்டுப் பாடினாள். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். எங்களுக்கெல்லாம் ஒரே வெற்றிக் களிப்பு. அப்பாவு, “அக்கா, புலியைப் புடிச்சு வண்டியில கட்டிட்டீங்க” என்றான்.

5

அடுத்த ஞாயிறு கங்காணி குடிக்காமல் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பின்னால் ஓர் ஆள் தட்டு ஏந்தி வந்தான். தட்டில் சேலை, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பூ. அண்ணன் தங்கைக்குச் செய்கிற சீர்.

“தங்கச்சி, வாங்கிக்க” என்றார்.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பங்கஜம் தயங்கினாள். ஆனால் சீரை மறுப்பது எப்படி? குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதற்காகவே காத்திருந்தவர்போல் கங்காணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இது இனிமே என் தங்கச்சி. என் தங்கச்சி கள்ளுக்கடையில பாட மாட்டா. எட்டாம் நம்பர் லயத்துல ஒரு வயசான அம்மா இருக்காங்க, அவங்களோட இருக்கட்டும். பால் மரம் வெட்டுறதுக்கு நான் வழி பண்ணிக் குடுக்கறேன். எனக்குக் கீழ ஆளுங்களை வேலை வாங்கற நம்ம தண்டலு சுப்பனுக்குப் பொண்டாட்டி செத்துப் போச்சு. தையில கல்யாணத்தை முடிச்சு வெச்சுடலாம்.”

பங்கஜம் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். “அண்ணே, நான் பாடுறதுக்கு வந்தவ. பாடுறேன்.”

“அண்ணன்னு கூப்பிட்டது நீதானே? நானா வந்து ஒட்டிக்கிட்டேன்?”

“அது...”

“அது என்ன? கூப்பிட்டா முறை. முறைன்னா மானம். என் மானம் இந்தப் பலகை மேல குந்திக்கிட்டுப் பாடக் கூடாது.”

கூட்டம் என்ன செய்தது என்று எழுத வேண்டும். போன வாரம் “ஆடு, ஆடு” என்று சீட்டி அடித்த அதே வாய்கள், “அண்ணன் சொன்னாக் கேக்கணும்மா”, “நல்லதுக்குத்தானே சொல்றாரு” என்று புத்தி சொல்லின. அவளுடைய மற்ற அண்ணன்மார் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லால்குடிக்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் ஆடினால் சீட்டி அடிக்கலாம், ஆடாமல் பாடினால் கத்தலாம், பாடாமல் போனால் மெச்சலாம். அவள் பாட்டை உட்கார்ந்து கேட்பது ஒன்றுதான் இவர்களால் முடியாத காரியம்.

காண்டிராக்டர் என்னைத் தனியாக அழைத்தார். “கங்காணி ஒரு வார்த்தை சொன்னா ஒரு ஆளும் இந்தப் பக்கம் வர மாட்டான். எனக்குக் கடை முக்கியம் சார். அடுத்த ஞாயிறு அந்தம்மா வேணாம்” என்றார்.

6

வீட்டில் இதை என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இங்கே பிறந்தவன். ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், விடுமுறைக்குத்தான் வருவான். விளையாட்டெல்லாம் மலாய்ப் பிள்ளைகளோடு.

“ரொட்டிக்காரரை நான் அபாங்னுதான் கூப்பிடறேன்” என்றான். “அபாங்னாலும் அண்ணன்தானே? அவரு வந்து என்னை ஸ்கூலுக்குப் போகாதேன்னு சொல்லுவாராப்பா?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

எனக்குக் கோபம் வந்தது. பெரியவர்கள் விஷயத்தில் வாயைக் கொடுக்காதே என்று அதட்டினேன். இந்தப் பிள்ளை தன் தாய்மாமனையோ அத்தையையோ பார்த்ததே இல்லை. அண்ணன், மாமன் எல்லாம் அவனுக்குப் பாடப்புத்தகச் சொற்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் முன்பு நான் புலம்பியிருக்கிறேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது மட்டும், இவனை இழுத்து எங்கே கட்டப் போகிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

7

பங்கஜம் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். ஊரைவிட்டுப் போகிறாயா என்றேன். இல்லை, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

அடுத்த ஞாயிறு நல்ல வெயிலில், கடை திறக்கிற நேரம் பார்த்து, அவள் புறப்பட்டாள். கங்காணி கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியை அப்பாவு தூக்கிக்கொண்டான். நான் பின்னால் போனேன். கடைக்கு வந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். “அண்ணன் வீட்டுக்குப் போறேன், வாங்க” என்றாள். குடிக்க வந்த கூட்டம் முழுவதும் எங்கள் பின்னால் வந்தது. கங்காணி வீடு லயங்களுக்கு மேல் மேட்டில், கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு. ஏறுவதற்குப் படிகள்.

கங்காணி வெளியே வந்து, கூட்டத்தைக் கண்டு திடுக்கிட்டார். “என்ன இது?”

“தங்கச்சி வந்திருக்கேன். எட்டாம் நம்பர் லயத்துல யாரோ அம்மாவோட நான் எதுக்கு இருக்கணும்? அண்ணன் வீடு இருக்கு. அண்ணியை ஆலம் சுத்தச் சொல்லுங்க.”

உள்ளிருந்து கங்காணியின் மனைவி குரல் வந்தது. “யாரு அது? அந்தக் கூத்தாடிச்சியா? படியேற விடாதீங்க. வீட்டுல சாமி படம் இருக்கு.”

கங்காணி குரலைத் தணித்தார். “இங்க எல்லாம் வரக் கூடாதும்மா. லயத்துக்குப் போ. நான் அப்புறம் வந்து பேசறேன்.”

“தங்கச்சி அண்ணன் வீட்டுக்கு வரக் கூடாதா?”

“வீடு வேற.”

“நான் உங்க தங்கச்சி இல்லையா?”

“தங்கச்சிதான். அதுக்காக? நீ என்ன ஆளு, எந்த ஜாதின்னுகூட எனக்குத் தெரியாது. முறையெல்லாம் கடையோட. வீட்டுக்குள்ள எப்படி?”

பங்கஜம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேடையில் பாடுகிற அதே குரலில், கடைசி ஆள் வரை கேட்கும்படி சொன்னாள். “கேட்டுக்கிட்டீங்களா? முறையெல்லாம் கடையோட. கடையில மட்டும் அண்ணன்னா, கடைக்குக் குடிக்க வர்றவங்கள்ல இவரும் ஒருத்தரு. குடிக்க வர்றவங்க சொல்லி நான் பாட்டை நிறுத்துறதில்ல.”

பெட்டியிலிருந்து தன் பழைய சேலையை எடுத்துக்கொண்டு பக்கத்து லயத்தில் ஒரு பெண் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்து சீர்ச் சேலையை மடித்துக் கங்காணி வீட்டுப் படியில் வைத்தாள். யாரும் கைதட்டவில்லை. சிலர் சிரிப்பை அடக்கினார்கள். கங்காணி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மனத்தில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

8

இதோடு முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த வாரமே கங்காணி தோட்டத்துத் துரையிடம் போனார். பாட்டினால் கலகம் வருகிறது, ஆட்கள் வீட்டு வாசலில் கூட்டம் போடுகிறார்கள் என்றார். கள்ளுக்கடையில் பாட்டுக் கூடாது என்று உத்தரவு வந்தது. கள் கூடும்.

நான் தோட்ட ஆபீசுக்கு மனு கொண்டு போனேன். தமிழில் எழுதியதை யார் படிப்பது என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி திருப்பினார். இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போனேன். நீ தோட்டத்து ஆள் இல்லை, உனக்கு மனுக் கொடுக்கும் உரிமை இல்லை என்றார். பங்கஜத்தின் பெயரில் கொண்டு போனேன். அவளும் தோட்டத்து ஆள் இல்லை. தோட்டத்து ஆளாக இருந்த அப்பாவு பெயரில் கொண்டு போனேன். தோட்டத்து ஆளுக்கு வேலை பால் மரம் வெட்டுவது, பாட்டைப் பற்றி அவனுக்கு என்ன மனு என்று கேட்டார். அந்தக் கிராணி நம் ஆள். பாட்டில் நல்ல ருசி உள்ளவர் என்று பெயர். எங்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே வேறொருவரிடம் ராக வித்தியாசம் பேசிக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் ஒரு கள்ளுக்கடைக் காண்டிராக்டர் எங்களை எடுத்துக்கொண்டார். அது தோட்டம் இல்லை. ரோட்டு வேலை ஆட்களும் வண்டிக்காரர்களும் வருகிற இடம். யாருக்கும் யாரும் கங்காணி இல்லை என்பதால் சத்தம் இரண்டு பங்கு. நான் ரயிலில் போய் வருகிறேன். அப்பாவு தோட்டத்தை விட்டுவிட்டான். பங்கஜத்துக்கு அங்கேயும் கடைக்குப் பின்னால் ஓர் அறை.

முதல் ஞாயிறு இரண்டாவது பாட்டிலேயே ஒருவன் எழுந்தான். கட்டுமஸ்தான ஆள், கையில் குவளை. “ஏய், இங்க பாரு! என்னைப் பாத்துப் பாடு! யாருக்குப் பாடற?” என்று கத்தினான். நானும் அப்பாவுவும் அவளைப் பார்த்தோம். எந்த ஊர் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

பங்கஜம் பாட்டை நிறுத்தினாள். கையைத் தூக்கி டோலக்கையும் நிறுத்தினாள். மடியில் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஆர்மோனியத்தில் இருந்த காற்றும் தீர்ந்தது.

“என்ன, பாடு” என்றான் அவன்.

அவள் பாடவில்லை.

காண்டிராக்டர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏன்ம்மா நிறுத்திட்ட? பாடு, பாடு.”

“அவரு பேசிக்கிட்டிருக்காருங்க” என்றாள் பங்கஜம். “அவரு முடிக்கட்டும். நான் அப்புறம் பாடுறேன்.”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். “நான் என்ன சொன்னேன்னா...” என்று ஆரம்பித்தான். மேலே ஒன்றும் வரவில்லை. “சொல்லுய்யா, சீக்கிரம்” என்று யாரோ பின்னாலிருந்து அதட்டினார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். குவளையைப் பார்த்தான். அவளோ ஒரு சிரிப்புக்கூட இல்லாமல், அவசரமும் இல்லாமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகும் அவள் சற்று நேரம் காத்திருந்தாள். வேறு யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாள். நான் சுருதி கொடுத்தேன்.